பூசைக்கு எழுதிக் கொடுத்த பேர்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் அம்மா தன் மகளைத்தான் அழுவாள். துட்டி வீட்டில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பாரி எடுக்கும்போது செத்துப்போன கிழவரின் வயல், வண்டிமாடு, சின்னமனூரில் கட்டிக்கொடுத்த மகள் என்று அவர் கதையாகத்தான் போகும். நாலு அடி தாண்டுவதற்குள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். புருசனைப் பறிகொடுத்தவள் புருசனை அழுவாள், அண்ணனைப் பறிகொடுத்தவள் அண்ணனை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வெற்றிலைத் தட்டை இழுத்துப்போட்டு, பெரியாற்றுத் தண்ணி திறந்தாச்சா, நடவுக்கு ஆள் கிடைக்குமா என்று பேச்சு மாறும். இதை நடிப்பு என்று சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யாரும் யாரையும் ‘நீ எதுக்கு அழுகுற’ என்று கேட்காத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அம்மா அழுகிற அந்த மகள், பாப்பா, வயிற்றுப்போக்கில் போனாள். திண்ணையைப் பிடித்துக்கொண்டு நகர்கிற வயது. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள்; அம்மாவும் காட்டவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்தான் அந்த நோய்க்கு முதல் மருந்து என்று பிற்பாடு பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்டு எழுதினார்கள். அந்தச் சுவரைத் தாண்டும்போது அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடப்பாள்.

பெரியவர்கள் சாவுக்கு உள்ள கொட்டு, சங்கு, தேர் எதுவும் பாப்பாவுக்குக் கிடையாது. தாய்மாமா ஒரு துண்டில் ஏந்திக்கொண்டு முன்னே போனார், அப்பா மண்வெட்டியோடு பின்னே போனார். நாய் தோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பதினாறு, கருமாதி ஒன்றுமில்லை. பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகிற வழக்கம் இல்லாததால், பிள்ளையை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. கன்னியாகச் செத்த பெண்ணுக்கு ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை வைத்து வீட்டுச்சாமியாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து முறை. அதையாவது செய்யலாமா என்று அம்மா கேட்டபோது அப்பத்தா, “பால்குடி மறக்காத புள்ள. சாமியாகுற வயசாத்தா அது?” என்றாள்.

ஆடி அமாவாசைக்குச் சுருளிக்குப் போவோம். கம்பத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டங்களைத் தாண்டினால் காடு. குரங்குகள் பைகளை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேகமலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஜூலை, ஆகஸ்டிலும் எலும்பைக் குத்தும். அருவியில் குளித்து, ஈர வேட்டியோடு ஆற்றங்கரையில் வரிசையாக ஆண்கள் உட்கார்வார்கள். வாழை இலையில் பிண்டம், எள், தர்ப்பை. ஐயர் ஒருவரே பத்துப் பேருக்குச் சேர்த்து மந்திரம் சொல்லுவார். பேர் சொல்கிற இடத்தில் மட்டும் நிறுத்துவார். அவரவர் தகப்பன் பேரை, பாட்டன் பேரைச் சொல்வார்கள். தோப்புக்காரரும் கூலிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில், நனைந்த முதுகோடு. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நாளில் தன் செத்தவர்களை எண்ணிப் பார்ப்பதைப் போல இருக்கும். அதைவிடப் பெரிய கூட்டத்தை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை.

அம்மா எங்கள் உலர்ந்த துணிகளைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பாள். பாப்பா போன பிறகு ஒரு வருசம் என்னைக் கூப்பிட்டு, “அப்பாகிட்டச் சொல்லு, பாப்பா பேரயும் சேத்துச் சொல்லட்டும்” என்று அனுப்பினாள். அப்பா தயங்கித் தயங்கி ஐயரிடம் கேட்டார். ஐயர் கடுமையாகப் பேசவில்லை. “சின்னக் குழந்தைக்குத் தர்ப்பணம் கிடையாதுப்பா. அது பாவம் பண்ணாத ஜீவன்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மாவிடம் வந்து நான் அதை அப்படியே ஒப்பித்தேன். அவள் துணிகளை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பாப்பா மாதிரிப் போன பிள்ளைகளுக்கு வேறு இடங்களில் நாள் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1988-ல் அதிபர் ரீகன் அக்டோபர் மாதத்தை, கருவிலோ கைக்குழந்தையாகவோ பிள்ளையை இழந்தவர்களுக்கான மாதமாக அறிவித்தார். இப்போது பல நாடுகளில் அக்டோபர் 15-ம் தேதி இரவு 7 மணிக்கு வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். துக்கத்துக்குக்கூடக் காலண்டரில் தேதி வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். தேதி இல்லாத துக்கம் வருசம் முழுக்க வீட்டுக்குள் கிடக்கும்.

எங்களுக்கு அந்தத் தேதி பக்கத்து வீட்டுப் பெரியம்மா வழியாக வந்தது. அவர் பிறந்த ஊர் ராயப்பன்பட்டி. நவம்பர் 2, கத்தோலிக்கர்கள் தங்கள் செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். பிரான்சில் க்ளூனி மடத்துத் தலைவராக இருந்த ஓடிலோ ஆயிரம் வருசத்துக்கு முன் தொடங்கிவைத்த நாள் அது என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. (எங்கள் பன்னீர் திராட்சையையும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கிருந்து எது வந்து எங்கே காய்க்கிறது!) முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, பூசைக்குக் கொடுக்க ஒரு தாளில் பேர் எழுதச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அந்தோணியம்மாள், சவரிமுத்து, ஆரோக்கியம் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவர், முடித்துவிட்டு உள்ளே பார்த்து, “ஏத்தா, ஒம் மக பேரயும் எழுதச் சொல்லவா?” என்றார்.

அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்தாள். “நம்ம புள்ள பேரச் சாமியாரு வாசிப்பாராக்கா?”

“எழுதிக் குடுத்தா வாசிக்கப் போறாரு. அவருக்கு என்ன நோவுது?”

தேவதானப்பட்டி அம்மன் பேரைத்தான் பாப்பாவுக்கு வைத்திருந்தோம். கடைசியில் ‘காமாட்சி’ என்று எழுதினேன்.

மறுநாள் உத்தமபாளையத்தில் பஸ் மாறி மூன்று பேரும் ராயப்பன்பட்டிக்குப் போனோம். ஐப்பசி மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பியிருந்தார்கள். ஈரத்தில் ஊதுபத்தி நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. வேலி ஓரமாக முழ நீளத்தில் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றின் மேல் யாரோ பிஸ்கட் வைத்திருந்தார்கள், எறும்பு மொய்த்திருந்தது. அதைக் காட்டி, “இதெல்லாம் சின்னப் புள்ளைகளாக்கா?” என்று கேட்டாள் அம்மா. அந்த மேடுகள் வரிசையில், பூ இல்லாமல் கிடந்த ஒன்றின் முன்னால் போய் உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். களையெடுத்துப் பழகிய கை, வேரோடு வந்தது. பெரியம்மா ஒரு மெழுகுவத்தியை அவளிடம் நீட்டினார். யார் பெற்ற பிள்ளையோ, அம்மா அதற்கு ஏற்றிவைத்தாள்.

சாமியார் பூசை வைத்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். உபதேசியார் கொடுத்த தாள்களிலிருந்து பேர்களை வாசித்தார். நீளமான பட்டியல். ஜெபமாலை, ஞானப்பிரகாசம், லூர்து என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் காமாட்சி வந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார். அம்மா சத்தம் போட்டு அழுதாள். முதல் தடவையாக அடுத்த வீட்டுச் சாவைச் சாக்கு வைக்காமல், நேராகத் தன் மகளுக்கே. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பாட்டி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு அழுதது.

வீடு திரும்ப இருட்டிவிட்டது. அப்பத்தா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கே போனோம் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. திட்டு விழும் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பத்தா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

“பேரத் திருத்தமாச் சொன்னாராடி அந்தச் சாமியாரு?”

“சொன்னாருத்தே” என்றாள் அம்மா.