அனுமன் போட்ட அரை அணா

வாரச்சந்தைத் தரைக்கடையில் ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் அனுமன், மறுபக்கம் ‘ஈஸ்ட் இண்டியா கம்பெனி, அரை அணா, 1818’. “அரிசியை இழுக்கும் சார்” என்கிறார் கடைக்காரர். அந்த ‘அதிசய சக்தி’யின் பேரில் விலை ஆயிரங்களுக்குத் தாவுகிறது.

அப்படியொரு அரை அணாவைக் கம்பெனி அச்சிட்டதே இல்லை. 1616 என்று ஆண்டு பொறித்தவையும் இதே ரகம்தான்.

வெள்ளி ரூபாயில் ஏமாற்று இன்னும் நுணுக்கமானது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது. அதனால் 1938-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுகிறார்கள். பூதக்கண்ணாடியில் அந்த எண்ணைச் சுற்றிக் கீறல் தெரியும். வார்ப்புப் போலிகளில் ஊசிமுனைக் குழிகளும், விளிம்பில் ஒட்டுக்கோடும் இருக்கும்.

எடை முக்கியம். அன்றைய ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் சந்தேகம்தான். காந்தத்தில் ஒட்டினால் நிச்சயம் போலி. ஒட்டாவிட்டால் அசல் என்றும் ஆகிவிடாது. ஈயமும் செம்பும்கூட ஒட்டுவதில்லை.

நாணயம் வாங்கக் கிளம்புகிறவர்கள் பணப்பையோடு ஒரு சின்னத் தராசையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.