முட்டும் இடம், தேய்ந்த இடம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், கழற்றிப்போட்ட கதவுகளுக்கும் ஓடாத மிக்ஸிகளுக்கும் நடுவே அந்தத் தேக்கு மேசை நின்றது. மூன்று டிராயர்களில் நடுவில் இருந்தது மட்டும் பாதி வழியில் மல்லுக்கட்டியது. பலங்கொண்டு இழுத்தால் மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தது. "லேசா இழைச்சா சரியாப் போயிடும் சார்" என்றார் விற்றவர். குட்டி யானை வண்டியில் ஏற்றிப் பக்கத்திலிருந்த பம்மலுக்குக் கொண்டுபோனேன்.

பிரதான சாலையை விட்டு விலகிய தெருவில், தகரக் கூரைக்குக் கீழே பட்டறை. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சு நின்று, பிறகு தொடரும். அறுபதைக் கடந்த தச்சர் டிராயரை உருவிக் கவிழ்த்தார். அளவுகோலைத் தேடவில்லை. பக்கப்பலகைகளின் அடிவிளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

"தொட்டுப் பாருங்க. முன்னால நேரா இருக்கு. பின்னால போகப் போகப் பள்ளம்."

மேசைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். டிராயர் ஓடும் கட்டைகளிலும் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்திருந்தது. மரத்தில் மரம் உரசி, பல வருஷத்தில் இரண்டுமே இளைத்துவிட்டன. டிராயர் கீழே இறங்க, முகப்பலகையின் அடி குறுக்குச் சட்டத்தில் முட்டியது. முன்பு யாரோ அந்த அடியைத்தான் இழைத்திருந்தார்கள். கொஞ்ச நாள் ஓடியிருக்கும். தேய்மானம் தொடரவே மறுபடி முட்டியிருக்கிறது. மேலே விரல் நுழையும் இடைவெளி.

"முட்டுற இடத்தைப் பார்த்திருக்காங்க, தேஞ்ச இடத்தைப் பார்க்கல" என்றார்.

மழைக்காலத்தில் டிராயர் இறுகுவது வேறு நோய். மரம் ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில்தான் உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால்தான் அடிப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், காடிக்குள் செருகி விட்டிருக்கிறார்கள். உப்பவும் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். "ஐப்பசியில இறுகுதுன்னு இழைச்சீங்கன்னா சித்திரையில லொடலொடன்னு ஆடும்."

பட்டறையில் இருந்த இளைஞர் மற்ற நாட்களில் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போகிறவர். "சேனல் போட்டுடலாமே அண்ணே?" என்றார். பெரியவர் சிரித்தார். டிராயர் வழுக்கி ஓடும் உலோகச் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் வேண்டும். அந்த இடம் பழைய மேசையில் கிடையாது. டிராயரையே அறுத்துக் குறுக்க வேண்டும்.

மூலை இணைப்புகள் ஆடின. வெந்நீரில் நனைத்த துணியை அவற்றின்மேல் சுற்றிவைத்தார். சற்று நேரத்தில் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. புறாவின் வால்போல விரிந்த பற்கள் முறியாமல் பிரிந்தன. பழைய பசை வஜ்ஜிரம். தோலிலிருந்து காய்ச்சுவது, சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். தோல் பதனிடும் பட்டறைகளால் பெயர் பெற்ற பம்மல், நாகல்கேணிப் பக்கம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூலையில் மட்டும் பிற்காலத்தில் யாரோ வெள்ளைப் பசை வைத்து ஆணியும் அடித்திருந்தார்கள். அது விடவில்லை. ஆணியைப் பிடுங்கி, உளியால் துளித்துளியாகச் சுரண்டவே முற்பகல் போயிற்று.

பிறகுதான் இழைப்புளி வந்தது. தேய்ந்த அடிவிளிம்பை நேராகும்வரை சீவினார். பழைய கதவு நிலையிலிருந்து அறுத்த தேக்குச் சட்டத்தை, ரேகை நீளவாக்கில் ஓடும்படி பார்த்து வைத்தார். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கும் டப்பாவில் வஜ்ஜிரம் இளகிக்கொண்டிருந்தது. ஒட்டி, கிளாம்ப் பூட்டி, இரவு முழுக்க விட்டார். மறுநாள் போனபோது ஓடுகட்டைகளும் புதிதாக மாறியிருந்தன; முன்பு இழைத்துக் குறைத்த முகப்பலகைக்கும் ஒரு மெல்லிய துண்டு சேர்ந்திருந்தது. உப்புத்தாள் தேய்த்து, அடியில் மெழுகுவத்தியை இரண்டு இழுப்பு இழுத்தார். ஒற்றை விரலால் தள்ளினேன். டிராயர் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"இனி தேயாதா?"

"தேயும். உரசுற மரம் தேயத்தானே செய்யும்? புதுச் சட்டம் தேயட்டும், பலகை தப்பிச்சுக்கும்."

வெள்ளைப் பசை சீக்கிரம் காயுமே, ஏன் மெனக்கெட்டு வஜ்ஜிரம் காய்ச்சினீர்கள் என்று கேட்டேன். சுரண்டிச் சிவந்திருந்த கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்து வர்றவன் கழட்டணும்ல சார்."