பொருள் உரைப்பார் இல்லையெனில்...

கொரிந்து நகரச் சபைக்குப் புனித பவுல் வகுத்துத் தந்த ஒழுங்குகளுள் ஒன்று, முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் காணப்படுகிறது. பரவசப் பேச்சு வரம் பெற்றோர் பலர் இருப்பினும், இருவரோ மூவரோ மட்டுமே, அதுவும் முறைவைத்துப் பேசுதல் வேண்டும். அப்பேச்சை விளக்க ஒருவர் இருத்தல் வேண்டும். விளக்குவார் இல்லாத இடத்தில் வரம் பெற்றவர் வாய்மூடி இருத்தலே நலம் என்பது அவரது கருத்து. குருமடத்தில் இப்பகுதியை வழிபாட்டு ஒழுங்கு பற்றிய பாடமாகப் பயின்றோம். அதற்கு மற்றுமொரு விளக்கவுரையைப் பழைய கணிப்பொறி ஒன்று மூன்று மாலைப் பொழுதுகளில் நமக்கு வழங்கிற்று.

பங்கு அலுவலக அலமாரியில் 11 ஒலிநாடாக்கள் இருந்தன. இப்பங்கில் நெடுங்காலம் உபதேசியாராகப் பணிபுரிந்து இறைவனடி சேர்ந்த பெரியவர், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு பாடியதை அன்பர் ஒருவர் பதிவு செய்து வைத்தவை அவை. நூல் நம்மிடம் உண்டு. ஆனால் இராகம் நூலில் அச்சாகவில்லை. அது அவருடைய தொண்டையில் இருந்தது. அவருக்குப் பின் அந்த நாடாக்களில் இருந்தது. இத்தகைய ஒலிநாடாப் பேழையைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஏட்டையும் வெளியிட்டது. கருவியும் வந்தது, அதைப் பயன்படுத்த ஊக்கமும் வந்தது. ஆயினும் காந்தப் பூச்சு என்றென்றும் நிலைப்பதன்று. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

நாடாவில் உள்ள குரலைக் கணிப்பொறிக்கு மாற்றிவிட எண்ணினோம். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் காதொலிக் கருவிக்கென ஒரே ஒரு துளைதான் உண்டு. 1998-இல் பங்கிற்கு வாங்கப்பட்ட கணிப்பொறியிலோ, டேப் ரெக்கார்டரை நேராக இணைத்திட நீலநிறத் துளை தனியே இருந்தது. இருப்பதைக் கொண்டு காரியம் ஆற்றுவதே கிராமப் பங்குகளின் வழக்கம். ஆனால் அதன் ஹார்டு டிஸ்க் பழுதடைந்து, வேறொன்றைப் பொருத்தி, விண்டோஸ் 98-ஐ மறுபடியும் ஏற்றியபோது பெட்டி ஊமையாகிவிட்டது.

ஊமையானதன் காரணம் எளிது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறிக்குச் சிறிய ஒலிபெருக்கியில் 'பீப்' என்று கூவத்தான் தெரியும். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் அட்டையை வெளியிட்டது. அதன்பின் சவுண்ட் கார்டுகள் பரவலாயின. ஒவ்வொரு நிறுவனமும் தன் அட்டைக்குத் தனித்தனி மொழியை வகுத்தது. அம்மொழி அனைத்தும் கணிப்பொறிக்குத் தெரிந்திருக்க இயலாது. ஆகவே இரண்டுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு 'டிரைவர்' என்று பெயர். அட்டையில் ஓர் ஊறுமில்லை; கணிப்பொறியிலும் இல்லை. இடையில் நிற்பவர்தான் இல்லை. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்' என்னும் பழமொழி குருக்களாகிய நம்மைச் சற்றே உறுத்துவது. அன்று அது இரட்டிப்பாக உறுத்திற்று.

அந்த டிரைவர் அடங்கிய குறுந்தகடு, பங்குத்தந்தையர் பலர் மாறிச் சென்ற ஆண்டுகளில் எங்கோ மறைந்துவிட்டது. அட்டையைச் செய்த நிறுவனமும் அதை எப்போதோ கைவிட்டிருந்தது. விண்டோஸ் 98-க்கான ஆதரவே 2006-ஆம் ஆண்டு ஜூலையில் முடிந்துபோன ஒன்று. பங்கு இளைஞர் ஒருவர் அட்டையைக் கழற்றி, அதன் கரிய சில்லின்மேல் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, இணையத்தில் தேடி உரிய டிரைவரைக் கண்டெடுத்தார். முதல் மாலை அதிலேயே கழிந்தது.

மறுநாள் அதைப் பென்டிரைவில் கொணர்ந்து செருகினோம். அந்தப் பழைய விண்டோஸுக்குப் பென்டிரைவை அறிந்துகொள்ளவே மற்றொரு டிரைவர் வேண்டுமாம்! பெட்டிக்குள் திறவுகோலை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். பிளாப்பியோ 1.44 மெகாபைட்டுக்கு மேல் தாங்காது. இறுதியில் குறுந்தகடு ஒன்றில் பதித்து ஏற்றினோம். திரையில் மஞ்சள்நிறக் கேள்விக்குறி மறைந்தது. ஆனால் மஞ்சள்நிற வியப்புக்குறி ஒன்று அதனிடத்தில் வந்து அமர்ந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அந்நாள்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரின் துணைவியார் கோயில் முற்றத்தில் காத்திருப்பார். "சாமி, அவுக கொரலு கெடச்சிருச்சா?" என்பதே அவருடைய கேள்வி. அகவை எண்பதைக் கடந்தவர். 'அடுத்த வாரம் பாருங்கள், அம்மா' என்று எத்தனை முறை சொல்ல இயலும்? எரிச்சல் பெட்டியின்மீது எழுந்ததா, காலத்தின்மீது எழுந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

மூன்றாம் மாலையில் விடை கிடைத்தது. அப்பழைய கணிப்பொறியில், 'என்னைக் கவனி' என்று மையச் செயலியை அழைப்பதற்கு 0 முதல் 15 வரை 16 எண்களே உண்டு. கடிகாரத்திற்கு 0, விசைப்பலகைக்கு 1, பிளாப்பிக்கு 6 என அவற்றுள் பல முன்னரே உரிமையாகிவிட்டவை. சவுண்ட் கார்டு வழக்கமாக நாடுவது 5. அதே 5-ஐ, தொலைபேசிவழி இணையத்திற்கென ஒருகாலத்தில் செருகப்பட்டு, நெடுநாளாக வேலையின்றிக் கிடந்த மோடம் அட்டை பிடித்துக்கொண்டிருந்தது. இருவர் ஒரே நேரத்தில் பேச முயன்றதால் ஒருவர் பேச்சும் கேட்கவில்லை. மோடத்தை அகற்றினோம், பெட்டி பேசிற்று. விளக்குவார் இருத்தல் வேண்டும். முறைவைத்துப் பேசுதல் வேண்டும். பவுலடியாரின் இரண்டு விதிகளும் அந்தத் தகரப் பெட்டிக்குள் நிறைவேறின.

ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும்; ஆகவே 60 நிமிட நாடாவுக்குக் குறுந்தகடு ஒன்று. 9 நாடாக்களைக் காப்பாற்றிவிட்டோம். எஞ்சிய இரண்டில் பூஞ்சணம் படர்ந்து சுருள் ஒட்டிக்கொண்டது. அவற்றிலிருந்து ஒன்றும் எழவில்லை. முதல் குறுந்தகட்டை அந்த அம்மையாருக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் அழவில்லை. இரண்டாம் அடியிலேயே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கினார்! ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த எடத்துல மூச்சு விடக்கூடாது, சாமி" என்று திருத்தமும் சொன்னார். நாடா சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், செவிப்புலனற்ற, பேச்சும் திருந்தாத ஒருவரை ஆண்டவர் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். செவிகளிலும் நாவிலும் தொடுகிறார். விண்ணை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார். தொலைவில் நின்று ஒரு சொல்லால் குணமாக்க வல்லவர், அருகில் நின்று தொட்டு, நேரம் செலவிட்டார். திருமுழுக்கின்போது 'எப்பத்தா' சடங்கில் குழந்தையின் செவியையும் வாயையும் நாம் தொடுவது இதன் தொடர்ச்சியே. பேசாதிருப்போர் அனைவரும் பேச ஒன்றும் இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் அருகில் அமர்ந்து பொருள் உரைக்க ஆளில்லாதவர்கள்.

நம் இல்லங்களில் மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் பேச்சு பேரப்பிள்ளைக்கு விளங்குவதில்லை. சார்க்கண்டிலிருந்து வேலை தேடி வந்து, ஞாயிறுதோறும் கோயிலின் கடைசி வரிசையில் நின்று செல்லும் இளைஞர்களிடம் அவர்களுடைய மொழியில் நலம் கேட்பாரில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் பங்குப் பேரவைக் கூட்டங்களில் மெல்லப் பேசுபவரின் கருத்து ஏட்டில் ஏறுவதில்லை. அவர்களிடம் வரம் இருக்கிறது. இடையில் நிற்பவர்தான் வேண்டும். அப்பணிக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. டிரைவர் ஒழுங்காக இயங்கும்வரை அதன் பெயரை எவரும் நினைப்பதுமில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குப் பின், அந்த அம்மையாரும் அவர் வயதையொத்த இருவரும் நம் இளையோருக்கு அந்த இராகத்தைக் கற்பித்து வருகின்றனர். அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்துப் பரணில் பழைய ஒலிநாடா இருப்பின், பூஞ்சணம் முந்துமுன் நீங்கள் முந்துங்கள். அதற்கும் முன்பாக, நாடா எதுவும் தேவைப்படாமல் உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும் குரலின் அருகே சென்று சற்றே அமருங்கள்.