மஞ்சள் விளக்கு

எங்கள் வீட்டு வான் 2008ஆம் ஆண்டிலே ஜப்பானிற் செய்யப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வாகனத்தைப் பேணுவதும் குடும்பக் கடமைகளுள் ஒன்றாயிற்று. 2025இல் தடை நீங்கிய பின்னரும், புதியவற்றின் விலையைக் கேட்ட என் போன்ற ஆசிரியர்கள் பழையதையே துடைத்து வைத்துக்கொண்டோம். மாதந்தோறும் அம்மாவைச் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது அந்த வானிலேதான்.

ஒரு நாள் வானின் முகப்புப் பலகையில், எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. கராச்சில் இருந்த இளைஞர் ஒரு சிறு கருவியைப் பொருத்திப் பார்த்து, “பி 0171” என்றார். பொத்தானை அழுத்தி விளக்கையும் அணைத்துவிட்டார். மூன்றாம் நாள் அது மீண்டும் எரிந்தது. வேறொரு கராச்சில், ஒட்சிசன் சென்சர் பழுது என்றனர். 28,000 ரூபா கொடுத்து மாற்றினேன். இரு வாரம் நிம்மதி; பின்னர் அதே விளக்கு, அதே இலக்கம்.

அந்நாட்களில் அம்மா, “தம்பி, வான் நிக்கேக்குள்ள எங்கையோ உஸ்ஸெண்டு ஒரு சத்தம் கேக்குது” என்றார். “அது ஏசிச் சத்தம் அம்மா” என்று சற்றே கடுமையாகச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்த கிளினிக் நாளன்று, நாவற்குழிப் பாலத்தை அண்மித்து வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. மீண்டும் இயக்கியும் நிலைக்கவில்லை. எண்பதை எட்டும் அம்மா, வெயிலிற் குடை பிடித்தபடி முச்சக்கர வண்டிக்குக் காத்து நின்ற காட்சி இன்றும் என்னை உறுத்துகின்றது.

பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் சொன்னார்: “மாஸ்ரர், இலக்கம் வருத்தத்தைச் சொல்லாது. வருத்தக்காரன் என்ன சொல்லி முனகிறான் எண்டதைத்தான் சொல்லும்.”

பி 0171 என்பதன் பொருள், எரிகலவையிற் காற்று மிகுதி, பெற்றோல் குறைவு என்பதே. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைப்போக்கியிலுள்ள ஒட்சிசன் சென்சர் குறையை உணர்த்த, வானின் கணினி பெற்றோலைக் கூட்டிக்கூட்டிச் சமன் செய்கின்றது. எல்லை கடந்ததும் விளக்கை ஏற்றுகின்றது. உண்மை சொன்ன சாட்சியையே நாம் மாற்றியிருந்தோம்!

பெரியவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கருவியைப் பார்த்தார். பெற்றோற் கூட்டல் மிக அதிகம். வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றாக்கினார், கூட்டல் இறங்கியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உட்செல்லும் காற்று சிறிது. அப்போது வெடிப்பொன்றினூடாகக் களவாய் நுழையும் காற்று பெரும்பங்காகிவிடும். வேகத்தில் அது பெரிதாய்த் தெரியாது. “சத்தம் ஏதும் கேட்டதோ?” என்று அவர் வினவியபோது, அம்மாவின் சொல் நினைவுக்கு வந்து தலைகுனிந்தேன்.

எஞ்சினை நிறுத்தி, காற்றுக் குழாயினுள் புகையைச் செலுத்தினார். சிறிது நேரத்தில், சாம்பிராணிப் புகை போல ஒரு மெல்லிய இழை, கண்ணுக்கு மறைவான இறப்பர்க் குழாயொன்றின் அடிப்புறத்திலிருந்து எழுந்தது. விரல் நீள வெடிப்பு! புதுக் குழாய்க்கு 1,500 ரூபா.

தேர்ச்சி அறிக்கைகளிலே “கவனமின்மை” என்று ஆண்டுக்கணக்காய் எழுதிவரும் கை இது. அதுவும் ஓர் இலக்கமேயன்றோ? இத்தவணை அச்சொல்லை எழுதுமுன், வகுப்பில் உறங்கும் மாணவன் ஒருவனை அழைத்து, வீட்டுநிலையை விசாரித்தேன். விடியுமுன் தந்தையுடன் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்கிறானாம்.

சென்ற மாதம் கிளினிக்குக்குப் போகையில், பாலத்தருகே வானை நிறுத்தி, “இப்பவும் கேக்குதோ அம்மா?” என்றேன்.

அம்மா சற்றுநேரம் செவி கொடுத்திருந்துவிட்டு, “இல்லைத் தம்பி” என்றார்.