நினைவு என்னும் சாட்சி

1978-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரில், நினைவாற்றலின் நடைமுறைக் கூறுகள் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. அதில் உரையாற்றிய உல்ரிக் நைசர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், வந்திருந்தோரைப் பாராட்டி அமரவில்லை, குறைபட்டுக்கொண்டார். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹௌஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, அம்முடிவுகளை 1885-இல் நூலாக்கினார். அந்நாள்தொட்டு நினைவாய்வு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. மக்கள் தம் வாழ்வில் எதை நினைவில் இருத்துகின்றனர், அந்நினைவைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்ற வினாக்களை ஆய்வாளர் தொடவேயில்லை என்பது அவர் உரையின் சாரம்.

தமிழ் பயின்றோர்க்கு அக்குறை சற்றே வியப்பளிக்கும். ஏனெனில், அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, நினைவாற்றலை ஊரறிய ஆராய்ந்த ஓர் அவை நம் சென்னையில் கூடியிருந்தது. 1907 மார்ச் 10 அன்று, விக்டோரியா பொதுமண்டபத்தில், இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். எட்டுச் செயல்களில் ஒருங்கே கருத்தைச் செலுத்துவது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், நூறாயின் சதாவதானம். இக்கலையைக் கவனகம் எனத் தமிழில் அழகாகச் சொல்வர். ஒருவர் முதுகில் எறியும் நெல்லையும் கல்லையும் எண்ண வேண்டும். ஒருவர் இடையிடையே அடிக்கும் மணியோசையைக் கணக்கில் வைக்க வேண்டும். மற்றொருவர் தரும் ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும். வேறொருவர் சொன்ன நாளுக்குக் கிழமை சொல்ல வேண்டும். அவையில் அமர்ந்திருப்போர் விருந்தினர் அல்லர், தேர்வாளர். பிழை நேரின் அக்கணமே வெளிப்படும். பாவலருக்கு இந்திய அஞ்சல் துறை 2008-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

பாவலரைப் பற்றித் தமிழாசிரியர்கள் வகுப்பில் சுவைபடச் சொல்லும் செய்தியொன்று உண்டு. துருக்கனுக்கு இராமன் துணையாவான் என்று பொருள்படும் ஈற்றடி ஒன்றைக் குறும்பாகக் கொடுத்து, இசுலாமியரான பாவலர் என்ன செய்வார் எனக் காத்திருந்தனராம். அவரோ முந்தைய அடியின் முடிவில் ஓர் அசையை மட்டும் நிறுத்தி, ஈற்றடியின் முதற்சொல்லோடு அதனைச் சேர்த்து, இராமனின் தம்பி சத்துருக்கன் பெயராக்கிவிட்டாராம். மறுத்தால் தோல்வி, உடன்பட்டால் சங்கடம். இரண்டையும் விலக்கி மூன்றாம் வழியைக் கண்ட அந்த நொடியை நாம் வெறும் நினைவாற்றல் என்று சொல்ல மாட்டோம். நினைவு, தேவையான சொல்லைத் தேவையான நேரத்தில் முடிவெடுக்கும் அறிவின் கையில் எடுத்துக் கொடுத்தது என்பதே பொருந்தும்.

இத்தகைய ஆற்றல் பிறவிக் கொடையா, பயிற்சியின் பயனா என்ற வினா நெடுநாளைய வழக்கு. சென்னையில் பிறந்த இராஜன் மகாதேவன் 1981-இல் 'பை' என்னும் கணித எண்ணின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்து உலக சாதனை படைத்தார். அமெரிக்க ஆய்வாளர் அவரைப் பல ஆண்டுகள் சோதித்தனர். எண்களை விடுத்துப் பழக்கமில்லாத குறிகளைக் காட்டியபோது, தொடக்கத்தில் அவர் நினைவு ஏனையோர் நினைவைப் போலவே இருந்தது. ஆதலின் இது பெரிதும் பயிற்சியால் வந்த திறமே என ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 2004-இல் எழுதினர். நம் கல்லூரிகளில் தமிழ்த்துறையும் உளவியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து கவனகத்தைப் பற்றிப் பேசினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அழைப்பிதழ் அச்சிடுவதில் காட்டும் ஊக்கத்தில் பாதி போதும்.

எனினும், அவையில் விளங்கும் நினைவு வேறு. வீட்டிலும் கடையிலும் நாம் முடிவெடுக்கத் துணைகொள்ளும் நினைவு வேறு. இவ்வேறுபாட்டை எமக்கு உணர்த்தியது எம் பாட்டனார் மளிகைக் கடை வைத்திருந்த நாச்சியாபுரம்.

குன்றக்குடிக்கு அண்மையிலுள்ள அவ்வூர், செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பர்மா, மலேயா, இலங்கை எனக் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய அம்மரபில், சிறுவர் திண்ணைப் பள்ளியிலேயே எண்சுவடியை நெட்டுருச் செய்தனர். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இவற்றையெல்லாம் விரல் மடக்காமலே பெருக்குவர். பெட்டியடிப் பையனாகக் கடையில் நுழைந்தவன் அடுத்தாளாக உயர்வதற்குள் வட்டிக் கணக்கு அவன் நாவில் நிற்கும். இவ்வளவு மனக்கணக்கு வல்லவர்கள் எதை எழுதாமல் விட்டார்கள்? ஒன்றையும் விடவில்லை! குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை, வட்டிச் சிட்டை என எல்லாம் எழுத்து. திருமணத்துக்குக் கூட இசைகுடிமானம் என்றொரு எழுத்து. நினைவில் வல்லவனே நினைவை மட்டும் நம்பலாகாது என்று அறிந்திருந்தான் போலும்.

இசுலாமிய வரலாற்றிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. யமாமாப் போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த பலர் உயிர்நீத்தபின், உமர் (ரலி) அவர்களின் யோசனைப்படி, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மறையைத் தொகுக்கும் பணியை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸைத் அவர்களே மனனம் செய்தவர்கள். ஆயினும் தம் நெஞ்சில் உள்ளதே போதும் என்று அமராமல், ஈச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், பிறர் நெஞ்சிலிருந்தவற்றையும் தேடித் தேடி ஒப்புநோக்கினார்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் திருமறை பணிப்பதும் இவண் நினையத்தக்கது.

எம் பாட்டனார் கடைக் கணக்கை ஒரு நாளும் எழுதாமல் படுத்ததில்லை. ஆனால் கடைக்குப் பின்னிருந்த சிறு கொல்லையைப் பற்றி மட்டும் எதையும் எழுதி வைக்காமல் காலமானார். மார்க்கச் சட்டப்படி பிரிக்க வேண்டிய ஏனைய சொத்துகள் பிரிக்கப்பட்டுவிட்டன. சிக்கல் அந்தக் கொல்லைக்கு மட்டுந்தான். கடையை நடத்துபவனுக்கே அது என்று ஒரு நோன்பிரவில் திண்ணையில் அமர்ந்து வாப்பா சொன்னதாகப் பெரியத்தா உறுதியாகக் கூறினார். இருவருக்கும் சமம் என்று நோய்ப் படுக்கையில் தம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக எம் அத்தா கூறினார். இருவரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். ஈராண்டு ஒருவரோடொருவர் பேசவில்லை. வீட்டுப் பெண்கள் மட்டும் சுவர் வழியே ஆணம் கொடுத்து வாங்கிக்கொண்டனர்.

1974-இல் எலிசபெத் லோப்டஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், ஜான் பால்மருடன் இணைந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். கார் மோதும் படத்தை மாணவர்க்குக் காட்டினர். கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று சிலரையும், நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று சிலரையும் வினவினர். பின்னவர் கூடுதலான வேகம் கூறினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, படத்தில் இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னோரும் அவர்களுள்ளேயே மிகுதி. கேட்கும் சொல்லே நினைவைத் திருத்திவிடுகிறது. ஈராண்டுக் காலம் எம் உறவினர், கொல்லை உனக்கென்றுதானே உன் வாப்பா சொன்னார் என்று இருபுறமும் கேட்டுக் கேட்டு என்ன செய்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இறுதியில் எம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் தலையிட்டார். இருவரையும் ஒருசேர அழைக்கவில்லை. தனித்தனியே தம் வீட்டுக்கு வரவழைத்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். கொல்லையைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லை. உங்கள் வாப்பாவோடு கடைசியாக அமர்ந்து பேசியவற்றை, முதலிலிருந்து, நினைவுக்கு வந்த வண்ணம் எழுதுங்கள் என்றார் அவ்வளவே. உளவியல் நூல் எதையும் அவர் பார்த்திருக்க இயலாது. ஆயினும் சாட்சிகளைப் பிரித்து வைத்து, விடையைத் தம் வினாவிலேயே திணிக்காமல் கேட்டார்.

இரு தாள்களும் இடத்தில் மாறுபட்டன, நாளில் மாறுபட்டன, பங்கிலும் மாறுபட்டன. ஆனால் இருவர் எழுத்திலும், இருவருமே ஈராண்டாக வாயால் சொல்லாத ஒரு செய்தி இருந்தது. கணவரை இழந்திருந்த தங்கை பிறர் வாசலில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள் என்று வாப்பா கேட்டுக்கொண்டாராம். பெரியவர் அதை மட்டும் இருவர்க்கும் படித்துக் காட்டினார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பெரியத்தாதான், அப்படியானால் அது அவளுக்கே இருக்கட்டும் என்றார். எம் அத்தா தலையசைத்தார்.

அவ்வாரமே அக்கொல்லையை மாமி பெயரில் எழுதிப் பதிவும் செய்தனர்; இம்முறை எழுதாமல் விடவில்லை. அத்தாவும் பெரியத்தாவும் வாப்பா சொன்னது எது என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பெருநாள் தொழுகை முடிந்ததும், இருவரும் சேர்ந்தே மாமி வீட்டுக்குப் போய் வந்தனர்.