கேமரன் மலைக்கு ஒரு சாய்மானம்

மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காருகிறவருக்கு மலைச்சாலை ஒரு விளையாட்டு. பின்னால் உட்காருகிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் என்றாவது கேட்டதுண்டா? நான் வெகு காலம் கேட்டதில்லை. முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றன. வளைவு வருவதும் பள்ளம் வருவதும் முன்கூட்டியே தெரிகின்றன. பின்னால் இருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நம்முடைய முதுகும் தலைக்கவசமும்தான். வண்டி குலுங்கிய பிறகுதான் பள்ளம் வந்தது அவருக்குத் தெரியும்.

என் மனைவி பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஆறு பிள்ளைகளில் இவள் கடைக்குட்டி. மூத்த அண்ணன் மட்டும் அதே வீட்டில் இருந்து, அதே தோட்டத்தில் வேலை பார்த்து வந்தார். 2023 ஆகஸ்டில் அவருக்கு 60 வயது முடிந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது தோட்டத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாத இறுதியில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் மகனோடு போய் இருக்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். அன்று இரவு இவள் சாப்பிடவில்லை. "என்னங்க, அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடணும்" என்றாள்.

இதில் சிரமம் என்ன என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது பீடோருக்குப் பக்கத்துத் தோட்டம். அங்கிருந்து தாப்பா கூப்பிடு தூரம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோ மீட்டர். ஆனால் அத்தனையும் வளைவு. பஸ்ஸில் ஏறினால் இவளுக்குப் பத்தாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். காற்றுப் படுகிற மோட்டாரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதுகு இருக்கிறதே! செம்பனை நாற்று மேட்டில் பதினொரு வருடம் குனிந்து பைகளில் மண் நிரப்பியதன் பலன், இடுப்பில் தட்டு விலகிவிட்டது. டாக்டரிடம் கேட்டோம். சாய்மானம் இல்லாமல் உட்காரக்கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும், இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் போய் வாருங்கள் என்றார்.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 250 சி.சி. வண்டி. நெடும் பயணத்துக்கு ஏற்றது. அகலமான சீட்டு, பின்னால் இரும்புக் கேரியர், இரு பக்கமும் பை மாட்டக் கொக்கிகள். சாய்மானம் மட்டும் இல்லை. பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். கறுப்புத் தோல் போர்த்திய பஞ்சுத் திண்டு, வளைந்த இரும்புக் குழாய், இரண்டு பட்டைகள், எல்லாம் சேர்த்து 150 வெள்ளி. கடைப் பையன் சீட்டைக் கழற்றித் திருப்பி, அடித்தட்டில் இரண்டு துளை போட்டு, ஸ்குரு முடுக்கி, பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டான். பார்ப்பதற்கு வெகு அழகு. நானும் மகிழ்ந்துபோய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை தோட்டத்துச் சடக்கில் இவளை ஏற்றிப் பழக்கிப் பார்த்தேன். ஸ்டோருக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. அதில் மெதுவாக ஏறி இறங்கியபோது பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நல்ல வேளை, வண்டி நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தி இறக்கிவிட்டுப் பார்த்தால், திண்டு பின்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. சீட்டைக் கழற்றினேன். அடித்தட்டு வெறும் பிளாஸ்டிக். போட்ட துளையைச் சுற்றி விரல் நீளத்துக்கு விரிசல். இதே விரிசல் மலைச்சாலையில், ஒரு காய்கறி லாரிக்கு முன்னால் விட்டிருந்தால்? எழுதும்போதே கை நடுங்குகிறது.

குறை அந்தப் பையனுடையது மட்டுமல்ல. கேட்காமல் வாங்கி வந்த வாத்தியாருடையதும்தான்.

பீடோரில் ஒரு சீனப் போமனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சிக்கு, சீட்டு என்பது உட்கார மட்டும்தான். சாய்கிற பாரத்தை வண்டியின் எலும்பு தாங்க வேண்டும்" என்று மலாயில் சொன்னார். பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மனைவியையோ தாயாரையோ மோட்டாரில் ஏற்றிப் போகிற நம் தோழர்களுக்கு உதவும்.

கேரியரைத் தாங்கும் நான்கு போல்ட்டுகள் வண்டியின் பின் சட்டத்திலேயே முடுக்கப்பட்டிருக்கின்றன. போமன் அந்த நான்கையும் கழற்றினார். 5 மில்லி மீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை வெட்டி வளைத்து, அதே துளைகளில் பொருந்தும்படி தாங்கி செய்தார். பழைய போல்ட்டுகளை மறுபடியும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். பட்டை 5 மில்லி மீட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பழைய போல்ட்டின் மரை உள்ளே போதிய அளவு பிடிக்காது, முடுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஓட்டத்தில் கழன்று வந்துவிடும் என்றார். அதனால் அதே கனத்தில் நீளமான போல்ட்டுகள், அகலமான வாஷர்கள். சாய்மானக் குழாயைத் தாங்கியோடு சேர்க்கும் இடத்தில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகள். குலுக்கலில் இவை தானாகத் தளராது. துரு ஏறாமலிருக்க வெட்டிய ஓரங்களுக்கு வர்ணம் பூசினார்.

இத்தனைக்கும் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. "மனைவியைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். இவள் வந்ததும், நான் முன்னால் உட்கார, இவளைப் பின்னால் உட்காரச் சொன்னார். கடையில் வைத்துக் கொடுத்த உயரத்தில் திண்டு இவளுடைய தோளுக்குக் கீழே முட்டி, உடம்பை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. வலி இருந்த இடுப்புக்கு ஆதரவே இல்லை. நான்கு விரற்கடை இறக்கினார். கொஞ்சம் பின்னால் சாய்த்தார். "இப்போது?" என்றார். இவள் கண்ணை மூடிக்கொண்டு, "இங்கேதான்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்து முடுக்கினார். கடைசியில் சாவி போட்டுச் சீட்டு திறக்கிறதா, குழாயில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். கூலி 40 வெள்ளி.

விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை புறப்பட்டோம். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். இவள் சேலை கட்டவில்லை, சுடிதார். முந்தானை சங்கிலியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டாம். சாய்மானம் வந்த பிறகு ஏறுவதற்கும் ஒரு முறை வேண்டியிருக்கிறது. பின்பக்கமாகக் காலைச் சுழற்றிப் போட முடியாது. நான் இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொள்வேன். இவள் என் தோளைப் பிடித்து, இடது மிதியில் ஏறி நின்று, வலது முழங்காலை மடக்கி எனக்கும் திண்டுக்கும் நடுவே கொண்டுபோவாள். பலகாரமும் அரிசியும் பக்கப் பைகளில். சாய்மானத்துக்குப் பின்னால் கேரியரில் ஒரு மழைச்சட்டை மட்டும். பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் பாரம் ஏறினால், மேட்டில் முன் சக்கரம் இலேசாகிக் கைப்பிடி ஆடத் தொடங்கும். பின் டயருக்கு இருவர் ஏறுவதற்குரிய காற்றை அடித்து, அப்சார்பரையும் இரண்டு படி இறுக்கியிருந்தேன்.

தாப்பாவை விட்டுச் சிறிது தூரம் போனதும் காடு இரு பக்கமும் நெருங்கி வருகிறது. பாத்தாங் பாடாங் ஆறு கீழே இரைகிறது. ஓராங் அஸ்லி மக்கள் சாலையோரக் குடில்களில் பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைப் பற்றி எழுதினார். சாலை போட்டு முடித்தது 1930-களின் தொடக்கத்தில்தான். அந்தக் காலத்துச் சாலையாதலால் மலை எங்கே வளைகிறதோ அங்கே அதுவும் வளைகிறது. சிம்பாங் பூலாய் வழியாகப் பிறகு போட்ட சாலை அகலமானது. எங்களுக்கு அது சுற்று.

மேடு ஏற ஏறத்தான் சாய்மானத்தின் அருமை தெரிந்தது. முன்பெல்லாம் ஏற்றத்தில் இவள் பின்னால் சரியாமலிருக்க என் இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தொங்குவாள். எனக்கு மூச்சு முட்டும், இவளுக்குத் தோள் வலிக்கும். இம்முறை ஒரு கை என் தோளில், மறு கை மடியில். ஆனால் ஒரு புது ஆபத்து! லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது. "தூங்குறியா?" என்று கத்தினேன். "இல்லீங்களே" என்ற குரலிலேயே தூக்கம் இருந்தது. நீர்வீழ்ச்சியில் இறங்கி முகம் கழுவி, கோப்பி குடித்து, பத்து நிமிடம் நடந்தோம். அதன் பிறகு நான் வளைவுக்கு வளைவு ஏதாவது கேட்பது, இவள் பதில் சொல்வது என்று ஒப்பந்தம்.

ரிங்லெட் தாண்டி ஏரி தெரிந்ததும் கேள்வியே தேவைப்படவில்லை. இவளே பேச ஆரம்பித்துவிட்டாள். கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929-இல். அன்றிலிருந்து எத்தனையோ நம்மவர் குடும்பங்கள் இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியிருக்கின்றன. இவளுடைய அம்மா கூடையை முதுகில் மாட்டி விரலால் கிள்ளியவர். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பிடித்திருக்கும் கைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கைகள்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, தங்கை இறங்குவதையே பார்த்தார். அவள் நேராக நிமிர்ந்து நின்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. பிறகு சாய்மானத்தைக் கையால் அழுத்தி, ஆட்டிப் பார்த்தார். ஆயுள் முழுவதும் கொழுந்து மூட்டை சுமந்த கை அது.

வீட்டில் பாதிச் சாமான் பெட்டிகளில் ஏறியிருந்தது. இவள் நேரே பின்கட்டுக்குப் போய், படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மா மலையிலிருந்து திரும்பும்வரை தினமும் அங்கேதான் காத்திருப்பாளாம். அண்ணி தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. நானும் மச்சானும் பெட்டிகளுக்குக் கயிறு கட்டினோம்.

புறப்படும்போது இவள் அம்மாவின் அம்மிக்கல்லைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போகலாமா?" என்றாள். மச்சான் சிரித்துவிட்டார். அம்மியை எப்படி மோட்டாரில் ஏற்றுவது? குழவியை மட்டும் கோணியில் சுற்றிக் கொடுத்தார். "கேரியரில் கட்டிடுங்க" என்றாள் இவள். நான் மறுத்துவிட்டேன். இடப் பக்கப் பையில் குழவி, வலப் பக்கப் பையில் அதே எடைக்கு முட்டைக்கோசு.

இறக்கத்தில் சாய்மானம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரம் முழுவதும் முன்னால் வருகிறது. இவள் என் மேல் சரியாமலிருக்க என் முதுகில் கை ஊன்றிக்கொண்டே வர வேண்டியிருந்தது. ஏறும்போது இரண்டு இடத்தில் நின்ற நாங்கள், இறங்கும்போது ஐந்து இடத்தில் நின்றோம். மழை எங்களைத் தாப்பாவில்தான் பிடித்தது.

வீடு வந்ததும் ஸ்பேனர் எடுத்து நான்கு போல்ட்டுகளையும் சோதித்தேன். ஒன்றும் தளரவில்லை. உள்ளே இவள் குழவியைக் கழுவித் துடைத்து, மிக்சிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். அம்மிக்கல்லை ஈப்போ லாரியில் ஏற்றியாகிவிட்டது என்று மாதக் கடைசியில் மச்சான் போன் செய்தார்.