ஆணி இல்லாத கப்பலும் அப்பாவோட வண்டியும்

ஐப்பசி மழை விடாம பிடிச்சுக்கிட்டா எங்க ஊர்ல பெருசா வேலை இருக்காது. வயல்ல தண்ணிய வடிச்சு விட்டுட்டு வந்தா மிச்ச நேரமெல்லாம் திண்ணைதான். போன வருசம் அப்படி உட்கார்ந்திருந்த நாள்லதான் ஒரு கப்பல் செஞ்சோம். எகிப்து கப்பல்!

ஆரம்பிச்சு வெச்சது ஒன்பதாவது படிக்கிற என் மக. "அப்பா, இந்தக் கப்பல்ல ஒரு ஆணி கூட கிடையாதாம். எல்லாம் கயிறு போட்டுத் தைச்சதாம்"னு ஒரு படத்தைக் காட்டுச்சு.

கிசாவுல பெரிய பிரமிடைக் கட்டின கூஃபு மன்னனோட கப்பல் அது. சுமார் 4,500 வருசத்துக்கு முந்தினது. 1954-ல பிரமிடுக்குத் தெற்கே ஒரு குழியில கண்டுபிடிச்சாங்க. மேலே பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் மூடி. உள்ளே கப்பலாக் கிடைக்கல, 1,224 துண்டாப் பிரிச்சு அடுக்கி வெச்சிருந்துச்சு. பெரும்பாலும் லெபனான்ல இருந்து வந்த தேவதாரு மரம். சேர்த்துப் பார்த்தா நீளம் 43 மீட்டருக்கு மேல.

அதைச் சேர்க்கிற பொறுப்பு அகமது யூசுப்ங்கிறவர் தலையில விழுந்துச்சு. பழம்பொருள்களைச் சரிபண்றதுல கைதேர்ந்தவர். ஆனா படகு வேலை தெரியாது. அதனால நைல் கரையில படகு கட்டுறவங்ககிட்ட போய்க் கத்துக்கிட்டார். முதல்ல சின்ன மாதிரி செஞ்சு பார்த்துட்டுத்தான் பெருசுல கை வெச்சாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க ஊர் ஆசாரி ஞாபகம் வந்துச்சு. எழுபது தாண்டியவர். இப்ப எல்லாரும் கதவு, ஜன்னலை டவுன்ல ரெடிமேடா வாங்கிடுறாங்க. அவரோட உளிப்பெட்டி பரண்ல ஏறி ரொம்ப நாளாச்சு. படத்தைக் காட்டினேன். உத்து உத்துப் பார்த்தவர், "சும்மா சொல்லாதீங்க தம்பி, தைச்சா தண்ணி உள்ள வராதா?"ன்னார். மறுநாள் காலையில உளிப்பெட்டியோட வந்து நின்னார்.

ஐம்பதுல ஒரு பங்குன்னு கணக்கு வெச்சோம். நீளம் 87 சென்டிமீட்டர், அகலம் 12. வாசக்கால் போட்டப்ப மிச்சமான தேக்கு இருந்துச்சு. கணக்குப்படி பார்த்தா பலகை மூணு மில்லிமீட்டர்தான் வரும், அதுல எங்கே துளை போட? கனத்தை மட்டும் கால் இஞ்ச் ஆக்கிக்கிட்டோம்.

முதல் தடவை ஆசாரி பலகையில இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் துளை போட்டுச் சணல் கோத்துத் தைச்சார். மாட்டுத் தொட்டியில விட்டோம். துளைக்குத் துளை தண்ணி பீய்ச்சுச்சு. என் மக விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஆசாரி சிரிக்கல.

அப்புறம்தான் படத்தை நிதானமாப் பார்த்தோம். எகிப்துக்காரங்க துளையை வெளிப்பக்கம் வரைக்கும் கொண்டு போகவே இல்ல. பலகையோட உள்பக்கத்துலயே ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இறங்கி ஏறுது. கயிறு உள்ளுக்குள்ளயே ஓடுது, வெளியே பார்த்தா வெறும் பலகைதான். தண்ணியில மரம் ஊறி உப்பும், கயிறு சுருங்கி இறுக்கும். இன்னொண்ணு, முதல்ல ஓட்டைச் சேர்த்துட்டு அப்புறம்தான் உள்ளே குறுக்குச் சட்டம் வெச்சிருக்காங்க. "நாம சட்டத்தை அடிச்சுட்டுப் பலகை போடுவோம், இவன் தலைகீழால்ல செஞ்சிருக்கான்!"னு ஆசாரி வாயில கைய வெச்சுக்கிட்டார்.

ரெண்டாவது கப்பலுக்கு இருபது நாள் ஆச்சு. தொட்டியில விட்டப்ப மூட்டுல லேசாக் கசிஞ்சுது. ஒரு மணி நேரம் ஊறினதும் நின்னு போச்சு.

கதை இதோட முடியல. அந்த மரத்துண்டுகள்ல பழைய தச்சர்கள் குறி போட்டிருந்தாங்கன்னு என் மக படிச்சுச் சொல்லுச்சு. எது முன்பக்கம், எது பின்பக்கம், எது வலம், எது இடம்னு குறி. அகமது யூசுப்புக்கு அது பெரிய துணையா இருந்திருக்கு.

ஆசாரி எழுந்து நேரா எங்க கொட்டகைக்குள்ள போனார். அங்கே அப்பாவோட கட்டை வண்டி பிரிச்சுக் கிடந்துச்சு. அப்பா போனதுக்கப்புறம் அதை யாரும் தொடல. பைபாஸ்ல ஒரு ஓட்டல்காரர் சக்கரத்தை அழகுக்கு மாட்டணும்னு கேட்டு, நானும் அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஆசாரி கழண்டு கிடந்த ஒரு ஆரக்காலை எடுத்துத் துண்டால துடைச்சுக் காட்டினார். அடியில உளியால மூணு கீறல். குடத்துல ஒரு துளை ஓரத்துலயும் அதே மூணு கீறல்.

"எங்கப்பா போட்டது தம்பி. எந்தக் கால் எந்தத் துளைக்குன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியணும்ல."

இத்தனை வருசம் அந்த வண்டியில ஏறி இறங்கியிருக்கேன், அந்தக் கீறல் என் கண்ணுல பட்டதே இல்ல. அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் எங்க ஊர்ல இவர் ஒருத்தர்தான் மிச்சம்.

அன்னைக்கு சாயங்காலமே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஓட்டல்காரருக்குக் கோபம்தான். தைப்பொங்கலுக்குள்ள வண்டியைச் சேர்த்தோம். ரெண்டு ஆரக்கால் செல்லரிச்சுப் போயிருந்துச்சு, ஆசாரி புதுசா செதுக்கினார். எங்ககிட்ட இப்ப உழவு மாடு கிடையாது, வண்டி ஓடப் போறதும் இல்ல. ஆனா ஒவ்வொரு குறியையும் என் மக ஒரு நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கு. புது ஆரக்கால் ரெண்டுலயும் கீறல் போட்டதும் அதுதான், ஆசாரி உளியைப் பிடிச்சுக் கொடுத்தார்.

கப்பல் எங்க கூடத்துல டிவி பக்கத்துல இருக்கு. இந்தப் பக்கம் வந்தா பார்த்துட்டுப் போங்க.